திருட்டு வெடி

நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை ஊரே பூகம்பக்கா என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை ஆரம்பித்து வைத்தவர்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள். கடை அவள் கணவருடையது. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராக அங்கே போய், மருந்து அலமாரிக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மாத்திரை வாங்க வந்தவர்கள் தலைவலியை மறந்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு ஏதாவது ஆடுச்சா?" என்பார்கள்.

"ஆடாத நாள் ஏது? உங்களுக்குத் தெரியற மாதிரி ஆடலை, அவ்வளவுதான்" என்பாள்.

"எங்க வீட்ல ஆடறது எந்த மெஷின்லயும் பதியாது" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுப்பார்.

நிலையம் ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில் இருந்தது. மூன்று அறைகள். பின்பக்கம், தரைக்குக் கீழே பாறையோடு சேர்த்துக் கட்டிய ஒரு நிலவறை. கருவி அதற்குள் இருந்தது. முன்னறைத் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டேயிருக்கும். லாரி போனால் அது ஒரு மாதிரி நெளியும், கடல் கொந்தளித்தால் இன்னொரு மாதிரி. பக்கத்து மாடு வேலியில் முதுகு தேய்த்தால்கூடத் தெரியும். இந்தக் கூச்சலுக்கு நடுவே பூமியின் அசைவை மட்டும் பொறுக்கி எடுப்பதுதான் அவள் வேலை. நிலம் அதிரும்போது இரண்டு அலைகள் கிளம்பும். முதலாவது வேகமாக வந்து முட்டும். இரண்டாவது பின்னாலேயே வந்து பக்கவாட்டில் உலுக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால், அதிர்ச்சி எவ்வளவு தூரத்தில் கிளம்பியது என்று சொல்லிவிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி பார்த்துச் சொல்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு கருவி போதாது. சுற்றிலும் குறைந்தது மூன்று கருவிகள் வேண்டும். அந்தக் கரையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் பக்க அசைவைப் பதிகிற இரண்டு சுருள்களில் ஒன்று பழுதாகி, மாற்றுச் சாமான் வரும் வரும் என்று காத்திருந்தார்கள்.

யாரும் அதற்காகப் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிலத்தை ஆராய்கிறவர்கள் நடுவில் அது அமைதியான கரை என்றே பேர் வாங்கியிருந்தது. எத்தனையோ யுகங்களுக்கு முன்னால் ஒரே நிலமாக இருந்தது அங்கே இரண்டாகப் பிளந்து, நடுவில் கடல் புகுந்தது. பிளந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. ஆறிப்போன தழும்பு என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு வருஷம் பாத்திரங்கள் கிலுகிலுக்க ஆரம்பித்தன. முதலில் அலமாரியில் டம்ளர்கள் உரசிக்கொண்டன. பிறகு கதவுகள் தானாகத் தட்டின. கடலோரத் தெருவில் சில வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடியது. ஒரு நாள் அதிகாலையில் ஒரு குலுக்கல் வந்து, பாதித் தெரு உடுத்திய துணியோடு வெளியே வந்து நின்றது.

ஊருக்குப் பின்னால் ஒரு கல்குவாரி இருந்தது. தினமும் மத்தியானம் சங்கு ஊதிவிட்டு வெடி வைப்பார்கள். அதனால் யார் குற்றவாளி என்று தேட வேண்டிய அவசியமே ஊருக்கு இருக்கவில்லை. "மத்தியானம் வைக்கிறது ஊருக்குக் காட்ட. மத்த நேரத்துல திருட்டு வெடி வைக்கிறாங்க. அதான் நேரங்கெட்ட நேரத்துல ஆடுது" என்று பேசிக்கொண்டார்கள்.

குவாரியில் வெடி வைப்பவர் பூகம்பக்காவின் தங்கை கணவர். உரிமம் பெற்ற வெடிக்காரர். நிதானமான மனிதர். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதற்கே இரண்டு முறை குனிந்து குழாயைப் பார்ப்பார். "இவர் அடுப்பு பத்த வைக்கிறதுக்குள்ள பசியே போயிடும்" என்று தங்கை சிரிப்பாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்று, பேசி, முடித்து வைத்தது அக்காதான். அதனால் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவாள். அவர் அவளை அக்கா என்பார்.

விரிசல் பேச்சு முற்றிய சமயத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சவரத்தில் இருந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேப்பேன், கோபிச்சுக்கக் கூடாது. மத்தியானத்தைத் தவிர வேற நேரத்துல வெடி போடறீங்களா?"

அவர் கத்தியைக் கழுவி ஓரமாக வைத்தார். "ஊர் கேக்குதா, நீங்க கேக்கறீங்களா?"

"நான்தான் கேக்கறேன்."

"இல்லைக்கா. ஒரே ஒரு தடவை. சங்கு ஊதி, எல்லாரும் நகர்ந்து, அப்புறம்தான். வேற நேரத்துல வெடிமருந்து அறைச் சாவியே என்கிட்ட இருக்காது."

"மெஷின்ல வேற நேரத்துலயும் விழுது. குவாரி எவ்வளவு தூரமோ சரியா அவ்வளவு தூரத்துலேர்ந்து விழுது. மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

அவள் பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து தங்கை வந்து கதவோரமாக நின்றாள். அந்த மௌனத்தைத் தங்கையும் கேட்டாள்.

பூகம்பக்கா அவசரப்புத்திக்காரி அல்ல. அலுவலக அறிக்கையில் 'வெடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதிப்படுத்தக் கூடுதல் கருவிகள் தேவை' என்றுதான் எழுதினாள். நிலைய இயக்குநர் படித்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் ஊர்க்குழு கூட்டத்தில் அறிக்கையை யார் படிக்கிறார்கள்? ஊர்க்குழுத் தலைவர் சலவைக்கடைக்காரர். குரல் பெரியது, மனசும் கெட்டதில்லை. அவர் மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வாய்ப்பு இருக்கு, தேவை இருக்குன்னு சொன்னா எங்களுக்கு என்னம்மா புரியும்? குவாரியா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார்.

கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். சொந்தக்காரர் என்பதால்தான் மழுப்புகிறாள் என்று யாராவது நினைப்பார்களோ என்ற எண்ணமும் அந்த நேரத்தில் அவளுக்குள் ஓடியது.

"குவாரிதான்" என்றாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த மாதம் குவாரியை மூடினார்கள். அனுமதியில்லாத நேரத்தில் வெடித்தார் என்று மாப்பிள்ளையின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர் ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டப் போனார். தங்கை அக்காவிடம் சண்டை போடவில்லை. போன் செய்தால் எடுப்பாள், "சொல்லு" என்பாள், சொன்னதற்கு "சரி" என்பாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

குவாரியை மூடியதும் நடுக்கமும் நின்றது. வினையே அங்கேதான் வந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், மாதங்கள். டம்ளர் ஒன்றுகூடக் கிலுகிலுக்கவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. சலவைக்கடைக்காரர் அவள் துணிகளை மட்டும் தன் கையால் இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில், நடுக்கம் ஆரம்பிப்பதற்கும் முன்னாலேயே, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக் கப்பல் அந்தக் கரைக்கு வந்து போயிருந்தது. நிலம் எங்கே முடிந்து கடலடி எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். நாம் கரை என்று சொல்வது தண்ணீர் வந்து நிற்கிற இடத்தைத்தான். பாறைக்கு அந்தக் கணக்குக் கிடையாது. நிலத்தின் கனத்த மேலோடு கடலுக்கடியிலும் வெகுதூரம் போய், கிழிந்த துணியின் ஓரம் இழை பிரிந்து மெலிவது போல மெலிந்து, அதற்கப்புறம்தான் கடலின் சொந்த ஓடு ஆரம்பிக்கும். அந்த மெலிவை அளக்க, கரையிலிருந்து ஆழ்கடல் வரை ஒரே வரிசையில் கருவிகளைக் கடலடியில் இறக்கி, கப்பலிலிருந்து தண்ணீருக்குள் காற்றை வெடிக்கவிட்டு, கீழே போய்த் திரும்பும் அதிர்வைப் பதிந்தார்கள். பதிந்த பிறகும் கருவிகளை உடனே எடுக்கவில்லை. என்னதான் கேட்கிறது பார்ப்போம் என்று கடலடியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவற்றை மீட்க மறுபடியும் வந்தபோது, உள்ளூர் நிலையத்திலிருந்து ஒருவர் வரலாம் என்றார்கள். இயக்குநருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பூகம்பக்கா போனாள்.

"நீந்தத் தெரியாதவளைக் கடலுக்கு அனுப்பறேன்" என்று கணவர் வாந்தி மாத்திரை அட்டைகளைப் பையில் திணித்தார்.

"கப்பல்தான் நீந்தப் போகுது. நான் உக்காந்துதான் போறேன்."

முதல் நாள் முழுக்க மாத்திரையும் அவளும்தான். இரண்டாம் நாள் மேல்தளத்துக்கு வந்தாள். கப்பலின் தலைமை விஞ்ஞானி அவளைவிட இளையவள். வாய் ஓயாத பெண். ஒவ்வொரு இடத்திலும் கப்பலை நிறுத்தி, தண்ணீருக்குள் ஒரு ஒலிக் குறிப்பை அனுப்புவார்கள். கீழே கிடக்கும் கருவி அதைக் கேட்டு, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புப் பளுவைக் கழற்றிவிட்டு மெதுவாக மேலே வரும். எங்கே எழும் என்று தெரியாது. எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்பார்கள். திடீரென்று அலைகளுக்கு நடுவே ஒரு ஆரஞ்சுக் கொடி தலைகாட்டும். சமையல்காரர் உட்படக் கத்துவார்கள். ஒரே ஒரு கருவி மட்டும், வருகிறேன் என்று பதில் சொல்லியும் வரவில்லை. நெடுநேரம் காத்திருந்துவிட்டுக் கப்பலைத் திருப்பியபோது, யாரையோ விட்டுவிட்டுப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று மாலை பதிவுகளைத் திறந்தார்கள். முதலில் மேலோட்டின் படம். இடதுபக்கம் நிலம், கனமாக. வலதுபக்கம் போகப் போக மெலிந்து நாலில் ஒரு பங்காகிவிட்டது. மெலிகிற இடத்தில் பழைய முறிவுகள் படிக்கட்டு மாதிரி சரிந்திருந்தன. புத்தகத்தில் பார்த்திருந்தாள். தன் ஊர் அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முக்கோணக் குறியாக இருப்பதைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. நாம் நடக்கிற தெருவுக்கு இவ்வளவு அடிவயிறு இருக்கிறதா என்று தோன்றியது.

"இதைவிட ஒரு வேடிக்கை இருக்கு. உங்க ஊர்ப்பக்கம் நிஜ நடுக்கமே மாட்டியிருக்கு! ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா. அமைதியான கரையாம்! எங்களுக்கு அடிச்சுது யோகம்" என்றாள் தலைமை விஞ்ஞானி.

பூகம்பக்கா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தாள். பாதித் தெரு வெளியே வந்து நின்ற அந்த அதிகாலையைத் தேடச் சொன்னாள். திரையில் கருவிகள் வரிசையாக வந்தன. கடலடிக் கருவி ஒன்றை அலை முதலில் தொட்டிருந்தது. பிறகு அதற்குப் பக்கத்துக் கருவியை. கரையிலிருந்த அவளுடைய சொந்தக் கருவியை அதற்கும் பிறகு. குவாரியில் வெடித்திருந்தால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். அது கடலிலிருந்து வந்தது. மேலோடு மெலிகிற அந்தப் படிக்கட்டில், நல்ல ஆழத்திலிருந்து. நிலையத்திலிருந்து குவாரி எவ்வளவு தூரமோ அதே தூரம், எதிர்ப்பக்கம்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தாள். மத்தியானத்தில் விழுந்தவை குவாரி. நேரங்கெட்ட நேரத்தில் விழுந்தவை அத்தனையும் கடல். மாப்பிள்ளை சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

"என்னக்கா, மறுபடியும் வாந்தி வருதா?" என்று கேட்டாள் தலைமை விஞ்ஞானி.

"அந்த மாதிரிதான்" என்றாள்.

கரைக்குத் திரும்பியதும் இயக்குநரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். "கட்டுரையில் வந்துடும். அரசாங்கத்துக்கும் எழுதிடுவோம். ஊருக்குப் போய் மேடையேறிச் சொல்லணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லையே. அவங்க நிம்மதியா இருக்காங்க."

"ஊருக்கு நான் எழுதிச் சொல்லலை சார். வாயாலதான் சொன்னேன்."

கடையில் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. "ஊர் அப்புறம். முதல்ல தங்கச்சி வீட்டுக்குப் போ" என்றார்.

போனாள். தங்கை தையல் மெஷினில் இருந்தாள். மாப்பிள்ளை அப்போதுதான் கடையிலிருந்து வந்து, நகக்கண்ணில் ஏறிய கறுப்பை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: அலை எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்படித் தெரிந்தது, தான் எங்கே தவறினாள். கடைசியில், "நீங்க சொன்னது நிஜம் மாப்பிள்ளை. நான்தான் நம்பலை" என்றாள்.

அவர் பிரஷைக் கழுவினார். "தப்புக் கணக்குப் போட்டீங்க. அது எனக்குப் புரியுதுக்கா, வேலைன்னா நடக்கும். ஆனா அன்னிக்கு நான் கேட்டப்ப பேசாம இருந்தீங்களே..." என்றவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

தங்கை மெஷினை நிறுத்தினாள். "மெஷினை நம்பினே, சரி. பாதி மெஷின் செத்துக் கிடந்துச்சுன்னு நீதானே சொல்லுவே? செத்த மெஷினை நம்பினே. உசுரோட இருக்கற மனுஷனை நம்பலை."

அக்கா அழுதாள். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். தோளைத் தொடவில்லை.

"ஊர்க் கூட்டத்துல சொல்லப் போறேன்" என்றாள் அக்கா.

"சொல்லு. நம்ப மாட்டாங்க" என்றாள் தங்கை.

அப்படித்தான் ஆயிற்று. அதே கூடம், அதே மைக். அவள் சொல்லி முடிப்பதற்குள் சலசலப்புக் கிளம்பிவிட்டது. "குவாரி மூடினதும் நின்னு போச்சே, அது எப்படி?" என்றார் ஒருவர். கடலடி நடுக்கம் கொத்தாக வரும், தானாக ஓயும், மறுபடி வரவும் செய்யும், குவாரி மூடிய நேரமும் அது ஓய்ந்த நேரமும் தற்செயலாக ஒத்துப்போயின என்றாள். தற்செயல் என்ற வார்த்தைக்குக் கூடம் சிரித்தது. "தங்கச்சி வீட்டுக்காரரு பஞ்சர் ஒட்டறது பாவமாத்தான் இருக்கு, அதுக்காக இப்படியா?" என்றது ஒரு பெண் குரல். சலவைக்கடைக்காரர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு, "அம்மாவுக்குக் கப்பல் பிரயாணம் அசதி" என்றார். மறுநாள் அவர் கடையில் தன் துணியை வாங்க அவள் போனபோது இஸ்திரி போட்டிருந்தது வேலையாள்.

உண்மை அவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று பல நாள் யோசித்தாள். குவாரிக்கு ஒரு கதவு இருந்தது. அதைப் பூட்ட முடிந்தது. பூட்டியதும் தூக்கம் வந்தது. அந்தத் தூக்கத்தைத்தான் திருப்பிக் கொடுங்கள் என்று அவள் போய் நின்றாள்.

வழி சொன்னது தங்கைதான். அவளே போன் செய்தாள். "நீயும் வாயால சொல்லிட்டே, அவரும் வாயால சொல்லிட்டாரு. யாரும் கேக்கலை. கண்ணால காட்டு. அவர் வெடிக்கட்டும், மெஷின்ல விழட்டும், கடல்ல வந்ததையும் பக்கத்துல போட்டுக் காட்டு. ரெண்டும் ஒண்ணா வேறயான்னு அவங்களே சொல்லட்டும்."

நல்ல காலமாக, கப்பல்காரர்களுக்கும் ஒரு வெடி தேவைப்பட்டது. கடலில் தொடங்கிய வரிசையை நிலத்திலும் நீட்டினால்தான் மேலோட்டின் படம் முழுமையாகும். அதற்குத் துளை போட்டு, குறித்த நொடியில் வெடிக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும். நிலையத்தின் திருத்திய அறிக்கை போனதும் மாப்பிள்ளையின் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பூகம்பக்கா அவரைக் கேட்கப் போனபோது, உடனே சரி என்று சொல்லவில்லை. டயரை உருட்டிக்கொண்டே, "அக்காவுக்காக இல்லை. எனக்காகத்தான்" என்றார். "அது போதும் மாப்பிள்ளை" என்றாள்.

குறித்த நாளில் ஊர்க்குழுவினரை வேனில் ஏற்றி நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். முன்னறையில் நிற்க இடமில்லை. புதுச் சுருள் வந்து, கருவி சரியாகியிருந்தது. சலவைக்கடைக்காரர் மூச்சு விட்டால்கூடக் கோடு அசையுமோ என்று பயந்து விறைத்து நின்றார். தொலைபேசியில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "சங்கு ஊதியாச்சு. எல்லாரும் விலகியாச்சு."

திரையில் கோடு துள்ளியது. ஒரே ஒரு பெரிய குத்து, அதன் பின்னால் சின்ன வால், அடங்கிவிட்டது. அவள் பக்கத்திலேயே கடலில் வந்த ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதில் முதல் அசைவு சின்னது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது, அதைவிடப் பல மடங்கு பெரிதாக எழுந்து, கோட்டையே கசக்கிப் போட்டிருந்தது.

"வெடி எல்லாப் பக்கமும் ஒரேயடியாத் தள்ளும். நடுக்கம்ங்கறது பாறையோட பாறை வழுக்கறது. அதனால உலுக்கல் பின்னாலதான் பெருசா வரும். அன்னிக்கு இந்த உலுக்கலைப் பதியற ரெண்டு சுருள்ல ஒண்ணு கெட்டுக் கிடந்தது, அதான் முழுசாத் தெரியலை. தெரிஞ்சும் நான் காத்திருக்கலை" என்றாள்.

சலவைக்கடைக்காரர் திரைக்கு அருகே போய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நம்ம வீட்ல கதவு தட்டினது இந்த மாதிரிதான். முதல்ல லேசா ஒண்ணு. அப்புறம்தான் பலமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு திரும்பி அவளைப் பார்த்தார். குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"சரிம்மா. குவாரியை மூடினோம். இப்ப எதை மூடறது?"

அவள் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

"எதையும் மூட முடியாது" என்றாள்.

"பெருசா வருமா?"

"தெரியாது. வராமலே போகலாம். வந்தா எப்பன்னு சொல்ல எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை ஒரே வார்த்தைல சொல்லச் சொல்லாதீங்க, சொல்ல மாட்டேன்." திரையை விட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆனா மொட்டை மாடில பாதிச் செங்கல் வச்சு நிக்கற கைப்பிடிச் சுவரு யார் யார் வீட்ல இருக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணித் தொட்டிய வெறும் கல்லு மேல தூக்கி வச்சிருக்கறது தெரியும். பள்ளிக்கூட வாசல் வளைவு எதுல நிக்குதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். அதையெல்லாம் இப்பவே சரி பண்ணலாம்."

திரும்பிப் போகும்போது வேனில் யாரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பள்ளிக்கூட வளைவை இடித்துவிட்டு இரும்புக் கதவு மட்டும் வைத்தார்கள். சிலர் தொட்டியைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள். சிலர், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மருந்துக்கடைக்காரர் அலமாரிக் கண்ணாடிப் புட்டிகளுக்கு முன்னால் குறுக்குக் கயிறு கட்டினார். இருமல் மருந்து கேட்டால் கயிற்றுக்குள் கையை நுழைத்து எடுத்துக் கொடுத்து, "எங்க வீட்டு உத்தரவு" என்றார். குவாரி திறக்கவில்லை, அதன் உரிமையாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்குக் கரை நெடுக ஆய்வுக்காக வெடி வைக்கிற வேலை தொடர்ந்து கிடைத்தது. பஞ்சர் கடையை விட்டபோது முதலாளி அவருக்கு ஒரு ஜாக்கியைப் பரிசாகக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நடுப்பகலில் கடலடி மறுபடி அசைந்தது. முன்பு வந்தவற்றையெல்லாம்விடப் பெரிது. பூகம்பக்கா நிலையத்தில் இருந்தாள். திரையில் கோடு எழுவதற்கும் அவள் நாற்காலி நகர்வதற்கும் சரியாக இருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது அலைக்காகக் காத்திருந்தாள், அது வந்தது. ஊரில் சுவர்கள் சில விழுந்தன. இருவருக்குக் கை முறிந்தது. சலவைக்கடைக்காரர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த கைப்பிடிச் சுவர், கீழே நின்ற அவருடைய ஸ்கூட்டர் மேலேயே விழுந்தது. உயிர் எதுவும் போகவில்லை. அதற்குத் தான்தான் காரணம் என்று அவள் எங்கும் சொன்னதில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

தொலைபேசி அடித்தது. தங்கை.

"அக்கா, உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை. நீங்க?"

"வெளிய நிக்கறோம். இவர் கேஸை மூடிட்டு, மூடினாரான்னு பாக்க மறுபடி உள்ள போயிட்டாரு. கத்திக் கூப்பிட்டு வெளிய இழுத்தேன்." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "இன்னும் வருமா?"

"சின்னது வரும். கொஞ்ச நேரம் உள்ள போகாதீங்க."

"சரி" என்றாள் தங்கை. வழக்கமாக அதோடு வைத்துவிடுவாள். இந்த முறை வைக்கவில்லை. பின்னாலிருந்து தெருவின் இரைச்சல் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், ஒரு நாய் விடாமல் குரைத்தது.

"நான் இன்னும் மறக்கலை, அது வேற" என்றாள் தங்கை. "ஆனா நீ வேலை முடிஞ்சதும் இங்க வந்துடு. இன்னிக்கு அந்த மாடி வீட்ல தூங்க வேண்டாம். அத்தானையும் கூட்டிட்டு வா. வாசல்ல பாய் போட்டுக்கலாம்."

பூகம்பக்கா வருகிறேன் என்றாள். திரையில் கோடு இன்னும் அடங்கியிருக்கவில்லை. குறிக்க வேண்டியவை நிறைய இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் அலையிலிருந்து ஆரம்பித்தாள்.